ஆர்கானில் எழுதிய பெயர்

அல்லி எதையாவது பார்த்தால் அதிலேயே கரைந்துபோகிற பெண். நெரவியில் வயல் வேலைக்குப் போன நாட்களில் மடைத்தண்ணீரைப் பார்த்தபடி நின்றுவிடுவாள். ஐ.டி.ஐ. முடித்து, காரைக்காலில் சாதிக் பாட்சாவின் பட்டறையில் சேர்ந்த பிறகும் அந்தக் குணம் மாறவில்லை. ஷார்ஜாவிலிருந்து ஊர் திரும்பிய பாட்சா, காற்றையோ வாயுவையோ மின்சாரத்தால் சுடராக்கிப் பீய்ச்சி உலோகம் வெட்டும் பிளாஸ்மா மிஷின் ஒன்று வாங்கிப் போட்டிருந்தார். கரண்டைக் குறைத்து வைத்தால் அது தகட்டை வெட்டாமல் மேலாக எழுதும். சுனாமிக்குப் பிறகு கட்டிய புதுப் படகுகளுக்குப் பெயர்த்தகடு எழுதுவது அல்லியின் வேலையானது.

2007 ஆவணியில் ஒருநாள், கிளிஞ்சல்மேட்டுச் சோமசேகரன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார். கண் அழுத்த நோயில் பார்வை போனவர். கடலுக்குப் போவது இப்போது மகன்தான். ஆனாலும் கரையேறும் படகைத் தொட்டுப் பார்க்காமல் அவருக்குச் சோறு இறங்காது. ஃபைபர் படகுகள் எல்லாமே கைக்கு ஒரே வழவழப்பு.

"எம் படகை நானே கண்டுபிடிக்கணும் பாப்பா. வெரலுக்குத் தெரியற மாதிரி பேரு எழுதித் தருவியா?"

என்ன பெயர் என்று கேட்டாள் அல்லி. தமிழரசி என்றார். பக்கத்தில் நின்ற மனைவி வெட்கத்தில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அது அவள் பெயர்தான்.

மறுநாள் வரச்சொல்லிவிட்டு, துண்டு எவர்சில்வர் தகட்டில் எழுதிப் பார்த்தாள். கம்ப்ரசர் காற்றில் எழுதியபோது கோடு ஆழமாக விழுந்தது. ஆனால் ஓரமெல்லாம் பிசிறு தட்டி விரல் தோலை இழுத்தது. நைட்ரஜனில் பிசிறு குறைந்ததே தவிரப் போகவில்லை. பாட்சாவிடம் கேட்டு, வெல்டிங் பக்கமிருந்த ஆர்கான் வாயு சிலிண்டரை உருட்டி வந்தாள்.

கறுப்புக் கண்ணாடி வழியே பார்த்தாள். காற்றில் சீறிய சுடர் ஆர்கானில் அடங்கி, விடியலுக்கு முந்தைய கடலின் ஊதா நிறத்தில், தகட்டின்மேல் மெல்ல நீந்திப் போனது. சத்தம்கூடத் தூரத்தில் எங்கோ கேட்பதுபோல் இருந்தது. பாட்சா கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை.

கோடு கண்ணுக்கு அழகாக வந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு தடவினால் விரல் வழுக்கிக்கொண்டு போனது.

"காத்துலயே எழுதி, ஓரத்தை அரம் போட்டுக் குடுத்துடும்மா" என்றார் பாட்சா.

"அரம் போட்டா எழுத்தோட மூலையெல்லாம் மழுங்கிடும் பாய். இதுலயே இன்னொருதரம் பாக்குறேன்."

கேஸை மாற்றவில்லை. கரண்டைக் கொஞ்சம் ஏற்றி, சுடர் கக்கும் டார்ச் நகரும் வேகத்தைக் குறைத்தாள். சுடர் ஒவ்வொரு வளைவிலும் நின்று நிதானித்தது. தகடு ஆறியதும் கண்ணை மூடித் தொட்டாள். கரை வழவழப்பான சின்ன வாய்க்கால் ஒன்றுக்குள் விரல் இறங்கியது.

மறுநாள் சோமசேகரன் தகட்டை மடியில் வைத்துக்கொண்டு முதல் எழுத்திலிருந்து தடவினார். 'ழ'வின் வளைவில் விரல் தயங்கியது; திரும்பி வந்து மறுபடி அதன் வழியே போனது. முகம் மலர்ந்தது.

"எம் பேரு இவ்வளவு நீளமா?" என்றாள் தமிழரசி, மெதுவாக.

ஞாயிற்றுக்கிழமை அல்லி கிளிஞ்சல்மேட்டுக்குப் போனாள். வெயில் ஏறும் நேரத்தில் படகுகள் கரையேறின. சோமசேகரன் முழங்கால் தண்ணீரில் நின்று ஒரு படகின் முகப்பைத் தடவிவிட்டு நகர்ந்தார். அடுத்ததையும் விட்டார். அதற்கடுத்த படகில் கை நின்றது. தகட்டை முழுதும் வருடி முடித்து, முகத்தை நிமிர்த்தி, இன்றைக்கு என்ன மீன் கிடைத்தது என்று மகனைக் கேட்டார்.