லென்ஸ் எடுக்காத மேசை

என் தம்பி தைரியநாதனின் மேசையில் யாரும் லென்ஸ் எடுக்க மாட்டார்கள். அவனைப் பற்றிச் சொல்வதென்றால் இதைத்தான் நான் முதலில் சொல்ல வேண்டும்.

நாணயக் கண்காட்சிக்குப் போனவர்களுக்கு இதன் அருமை தெரியும். கல்யாண மண்டபத்தில் வரிசையாக மேசை போட்டு, வியாபாரிகள் பழைய காசுகளைப் பரப்பி வைத்திருப்பார்கள். வாங்க வருகிறவர் காசை விளிம்பில் பிடித்துத் தூக்கி, சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ராஜாவின் மூக்கிலிருந்து காசின் ஓரத்தில் வெட்டிய பல் வரைக்கும் பார்ப்பார். அதற்கப்புறம்தான் விலை கேட்பார். எந்த வியாபாரியும் அதற்குக் கோபித்துக்கொள்வதில்லை. ஆனால் தைரியநாதனின் மேசைக்கு வந்தால் பெரிய சேகரிப்பாளர்கள்கூட வெறும் கண்ணால் பார்த்து எடுத்துக்கொண்டு போவார்கள். "கள்ளக்குறிச்சியார் காசுக்கு எதுக்குப்பா கண்ணாடி" என்பார்கள். சேலத்திலும் கடலூரிலும் விழுப்புரத்திலும் அவனுக்கு அதுதான் பெயர். தைரியநாதன் என்று சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது.

அவன் படித்தது ஆறாவது. நான் எட்டாவது. எங்கள் அப்பா எலவனாசூர்கோட்டைப் பக்கம் கரும்பு வெட்டப் போனவர். தம்பி மீசை முளைக்கும் வயதிலேயே எவர்சில்வர் பாத்திரங்களைக் கட்டிக்கொண்டு கல்வராயன் மலைக்கு பஸ் ஏறினான். வெள்ளிமலைச் சந்தையில் உட்கார்ந்து, பழைய பித்தளையும் வெள்ளியும் வாங்கிக்கொண்டு புதுக் குடம், புதுத் தட்டு கொடுப்பான். மலைப் பெண்கள் அந்தக் காலத்தில் கழுத்தில் காசுமாலை போட்டிருப்பார்கள். வெள்ளைக்காரன் காலத்து வெள்ளி ரூபாய்க்கு ஒரு வளையம் பற்றவைத்து, கறுப்பு நூலில் கோத்த மாலை. கஷ்டம் வந்தால் அதிலிருந்து ஒரு காசை அறுத்து விற்பார்கள். மற்ற பாத்திரக்காரர்கள் அவற்றை உருக்கிவிடுவார்கள். தம்பி மட்டும் வருஷத்தைப் படித்துப் பார்த்தான். ஒரு காசு இன்னொரு காசு மாதிரி இல்லை என்று யாரும் சொல்லாமலே கண்டுகொண்டான். பாத்திர வியாபாரம் போய்க் காசு வியாபாரம் வந்தது அப்படித்தான்.

வாங்கி வரும் காசுகளில் நூல் அறுப்பது, அழுக்கைத் தேய்க்காமல் துடைப்பது, அட்டையில் வைத்து வருஷம் எழுதுவது எல்லாம் என் வேலை. சாதாரண வருஷத்துக் காசு என்றால் வளையத்தை எடுத்துவிடுவோம். எங்கள் தெருவிலேயே நகைப் பட்டறை வைத்திருந்த பொன்னுரங்கம் பத்தர்தான் சூடு காட்டி எடுத்துக் கொடுப்பார். அவர் தம்பிக்குச் சின்ன வயதுக் கூட்டாளி. என்னை வாய் நிறைய "யக்கா" என்பார். கிறிஸ்துமஸ் அன்று எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அவர் மகளுக்குக் காது குத்தியபோது மாமன் இல்லாத குறைக்குத் தம்பிதான் மடியில் உட்கார வைத்தான். எடுத்த வளையங்களை யார் திருப்பிக் கேட்கப் போகிறார்கள்? பட்டறையில் ஒரு தகர டப்பாவில் கிடக்கும்.

அபூர்வ வருஷத்துக் காசு கிடைத்தால் தம்பி வளையத்தை எடுக்க விடமாட்டான். வளையம் இருந்தால் விலை குறையும், எடை போட்டுப் பார்க்கவும் முடியாது. ஆனாலும் அப்படியே விற்பான். காரணத்தை ஒருநாள் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பொன்னுரங்கத்திடம் சொன்னான்.

"கள்ளக் காசு அடிக்கிறவன் அழகாத்தான்டா அடிப்பான். அதுல சூடு வச்சு, வளையத்தை ஒட்டி, தானே வெலையக் கொறச்சுக்குவானா? அதனால நான் காசைப் பாக்கறதே இல்ல. வளையத்தைத்தான் பாப்பேன். மலையாசாரி ஊதிப் பத்தவச்ச வளையம் பழசா இருந்துச்சுன்னா, காசு நல்ல காசு."

"அட, இது இன்னா கள்ளத்தனம்!" என்று பொன்னுரங்கம் சிரித்தார். "யக்கா, உன் தம்பி மண்டையில மூளை ஜாஸ்தியாயிடுச்சு. கொஞ்சம் கொழம்பை ஊத்து, கம்மியாவட்டும்."

பிறகு மலைப் பாதையில் வண்டி சறுக்கித் தம்பிக்குக் கால் உடைந்தது. வெள்ளிமலைக்கு ஏறுவது நின்றது. பொன்னுரங்கம்தான் யோசனை சொன்னார்.

"மலைக்காரங்க நகை செய்ய என் பட்டறைக்குத்தானே எறங்கி வராங்க. காசு கொண்டாந்தா நான் வாங்கி வைக்கிறேன். நீ எதுக்குக் கால இழுத்துக்கினு ஏறணும்?"

அப்படியே நடந்தது. மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ வளையக் காசு அவரிடமிருந்து வந்தது. ஒருமுறை 1911-ஆம் வருஷத்து ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் வந்தது. ராஜாவின் அங்கியில் இருக்கும் யானை பார்ப்பதற்குப் பன்றி மாதிரி இருக்கிறது என்று சனங்கள் முகம் சுளித்ததால் அரசாங்கமே திரும்ப வாங்கிக்கொண்ட காசு. பன்றி ரூபாய் என்பார்கள். அதைக் கடலூர் கண்காட்சியில் சின்னதுரை ஐயா வாங்கிப் போனார். அவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், விருத்தாசலத்துக்காரர். லென்ஸ் வேண்டாம் என்ற பேச்சை முதலில் ஆரம்பித்தவரே அவர்தான். அடுத்த வருஷம் பொன்னுரங்கத்திடமிருந்து இன்னொரு பன்றி ரூபாய் வந்தது. தம்பி அதை முத்தமிடாத குறைதான்.

அந்தக் காசையும் எடுத்துக்கொண்டு விழுப்புரம் கண்காட்சிக்குப் போனோம். அப்போது கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகவில்லை. எங்களுக்கு எல்லாம் விழுப்புரம்தான். பொன்னுரங்கமும் கூட வந்தார். மூன்று பேருக்கும் எலுமிச்சம் சாதம் கட்டிக்கொண்டு போயிருந்தேன். காலை முழுவதும் நல்ல வியாபாரம். மதியம் சாப்பிட்டுவிட்டுப் பொன்னுரங்கம் டீ வாங்கப் போன நேரத்தில் சின்னதுரை ஐயா வந்தார்.

"கள்ளக்குறிச்சியாரே, என் மாப்பிள்ளை உசுர வாங்குறாரு. அவருக்கும் ஒரு பன்னி வேணுமாம்."

"உங்களுக்குன்னே எடுத்து வச்சிருக்கேன்ங்க ஐயா."

"குடு. எது நல்லா இருக்குதோ அதை நான் வச்சுக்கினு மத்ததை மாப்பிள்ளைக்குத் தள்ளிடறேன்." சிரித்துக்கொண்டே, கடலூரில் வாங்கிய காசைக் காகிதப் பொட்டலத்திலிருந்து எடுத்து, புதியதன் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பு நின்றது. பிறகு சட்டைப் பைக்குள் கையை விட்டு லென்ஸை எடுத்தார்.

அந்த மேசையில் நான் பார்த்த முதல் லென்ஸ் அதுதான். பக்கத்து மேசைக்காரர்களும் பார்த்தார்கள்.

"தம்பி, ராஜா தாடிக்குக் கீழ ஒரு கீறல் இருக்குது பாரு. என் காசுலயும் இருக்குது. அதே எடம், அதே நீட்டு."

தம்பி குனிந்து பார்த்தான். ஒரு காசு ஒரு கழுத்தில் கிடந்து வாங்கிய கீறல் வேறொரு கழுத்தில் கிடந்த காசில் வராது. ஒரே அச்சில் வார்த்து எடுத்திருந்தால் வரும்.

"வளையம் பழசுங்க ஐயா" என்றான். காசைத் திருப்பி வளையத்தைக் காட்டினான். "நீங்களே பாருங்க. இது புது வளையம் இல்லீங்க."

நான் அந்தக் காசைக் கையில் வாங்கினேன். தம்பி சொன்னது சரிதான், வளையம் பழையதுதான். வெள்ளிக்குப் பதிலாகப் பித்தளைக் கம்பியை வளைத்து, முனையை அராவாமல் விட்டிருந்தது. முள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்த அந்த முனையை என் கட்டைவிரல் தொட்டதும் எனக்குத் தெரிந்துபோயிற்று. வெள்ளிமலை ஆயம்மாள் விற்ற காசில் நூல் அறுக்கும்போது இதே முள் என் விரலைக் கிழித்திருந்தது. தழும்பு இன்னும் இருக்கிறது. காசுக்குக் காசு நூல் அறுத்தவள் நான். எனக்கு வளையம் மறக்காது.

"டேய், இது ஆயம்மா மாலையில இருந்த வளையம்டா. அவ வித்தது ராணி தலை போட்ட காசு. நீதானே பொன்னுரங்கத்துக்கிட்ட எடுக்கக் குடுத்த? ராஜா காசுல எப்படிடா வந்து ஒட்டிக்கினு கீது?"

தம்பி என்னைப் பார்த்தான். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தான்.

பொன்னுரங்கம் இரண்டு கையிலும் டீயைப் பிடித்துக்கொண்டு வந்தார். "இன்னாக்கா, கூட்டமா நின்னுக்கினு கீறாங்க? வியாபாரம் ஜாஸ்தியா?"

தம்பி உள்ளங்கையில் காசை வைத்து நீட்டினான். "இதை யார் கொண்டாந்தாங்க?"

"மலையிலேர்ந்து ஒரு ஆளுன்னு சொன்னேனே."

"எந்த ஊரு? பேரு இன்னா?"

"போலீஸ்காரன் மாதிரி கேக்குறியே. வர்றவன் போறவன் பேரெல்லாம் எனக்கு இன்னா தெரியும்?"

"இந்த வளையம் உன் டப்பாவுல இருந்துச்சு, பொன்னுரங்கம்."

டீயைக் கீழே வைக்க இடம் தேடினார். மேசையில் இடம் இருந்தும் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். சின்னதுரை ஐயா நாகரிகமாகச் சற்றுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

"வளையத்தைத்தான் பாப்பேன்னு உன்கிட்ட மட்டும்தான்டா சொன்னேன்" என்றான் தம்பி.

அதற்குமேல் பொன்னுரங்கம் மறைக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். "சரி, இருந்துச்சு. அதுக்கு இன்னா இப்போ? எங்க போனாலும் கள்ளக்குறிச்சியாரு, கள்ளக்குறிச்சியாருங்கிறானுங்க. நானும் அதே கள்ளக்குறிச்சிதானே? எனக்கு இன்னா கெடச்சுது? வளையம் எடுத்த கூலி."

"நீ கேட்டிருந்தா பாதி குடுத்திருப்பேனே."

"கேட்டு வாங்கறதுக்கு நான் இன்னா பிச்சைக்காரனா?"

"காது குத்துறப்போ உன் பொண்ணு என் மடியிலதான்டா உக்காந்துச்சு."

"அதை எதுக்கு இங்க இழுக்குற? அது வேற, இது வேற."

அது வேறு இது வேறு என்று அவரால் பிரிக்க முடிந்தது. என் தம்பிக்கு அந்த வித்தை தெரியாது. எழுந்தான். காலை இழுத்துக்கொண்டு மேடைக்குப் போய் மைக்கைக் கேட்டு வாங்கினான். மண்டபம் முழுவதும் கேட்டது.

"கள்ளக்குறிச்சி தைரியநாதன் பேசுறேனுங்க. ரெண்டு வருஷமா என்கிட்ட வளையக் காசு வாங்கினவங்க யாரா இருந்தாலும் திருப்பிக் கொண்டாங்க. சரியாப் பாக்காம வித்துட்டேன். என் கண்ணுதான் ஏமாந்துபோச்சு."

பொன்னுரங்கத்தின் பெயரை அவன் சொல்லவில்லை. இதை நான் அழுத்தி எழுதுகிறேன், ஏனென்றால் பின்னால் ஊரில் வேறு மாதிரி பேசினார்கள். நான் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவன் திரும்பி வருவதற்குள் பொன்னுரங்கம் போயிருந்தார். டீ இரண்டும் நாற்காலியின் மேல் இருந்தன. அவர் சாப்பிட்ட டப்பாவை மட்டும் கழுவி, மூடி, என் பை அருகே வைத்துவிட்டுப் போயிருந்தார். அதைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது.

மண்டபத்தில் அன்றைக்கு வாங்கியிருந்தவர்கள் வந்தார்கள். சிலர் பேசாமல் காசை நீட்டினார்கள். ஒருவர் மட்டும், "மலைக் காசு, மலைக் காசுன்னு சொல்லி மொத்த மண்டபத்துக்கே மொட்டை போட்டுட்டியேப்பா" என்றார். பக்கத்து மேசைக்காரர், "பன்னி மேய்க்கிறவங்கள எல்லாம் காசு விக்க விட்டா இப்படித்தான்" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார். தம்பி தலையைத் தூக்காமல் பணத்தை எண்ணித் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தான். சின்னதுரை ஐயா தன் காசைத் திருப்பித் தர மறுத்தார். "இருக்கட்டும்ப்பா, ஞாபகத்துக்கு" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். தம்பிக்கு அதுதான் அதிகம் வலித்தது.

அன்று சாயங்காலம் வளையம் இல்லாத சாதாரண காசு வாங்க வந்த ஒருவர்கூட எங்கள் மேசையில் லென்ஸை எடுத்தார். பிறகு எல்லோரும் எடுத்தார்கள். அடுத்த கண்காட்சிக்குத் தம்பி தானே ஒரு லென்ஸ் வாங்கி, மேசைக் காலில் கயிறு கட்டி, வருகிறவர்களிடம் முதலில் அதை நீட்டினான். "பாத்துட்டு எடுங்க" என்றான். பொன்னுரங்கத்தின் பட்டறை அதே தெருவில்தான் இருக்கிறது. அவர் மகள் என்னைக் கண்டால் இப்போதும் "அத்தே" என்கிறாள். அவளிடம் பேசாமல் இருக்க எனக்கு வராது.

யார் மூலமாகவும் காசு வாங்குவதில்லை என்று முடிவு செய்து, தம்பி மறுபடியும் வெள்ளிமலைக்கு பஸ் ஏறினான். துணைக்கு நானும் போனேன். சந்தை ஓரத்தில் துண்டை விரித்து உட்கார்ந்தோம். சின்னத் தராசும் லென்ஸும் பக்கத்தில். எங்களைக் கண்டதும் ஆயம்மாள் ஓடி வந்தாள்.

"ஏம்ப்பா பாத்திரக்காரு, உசுரோடதான் இருக்கியா? காலு போச்சுன்னாங்க, ஆளே போயிட்டன்னு நெனச்சேன்." இன்னும் அவனைப் பாத்திரக்காரர் என்றுதான் கூப்பிடுகிறாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு காசை எடுத்துக் கொடுத்தாள். மாலையில் மிச்சமிருந்த கடைசிக் காசு. "பேத்திக்கு ஆஸ்பத்திரிக்குப் போவணும். நீயே பாத்துப் போட்டுக் குடு. நீ குடுக்கறது சரியாத்தான் இருக்கும்."

தம்பி காசை வாங்கினான். வாங்கியவன் தராசுத் தட்டில் வைத்தான். பிறகு லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டான்.

ஆயம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"இன்னா பாக்குற?"

"ஒன்னும் இல்லம்மா. எல்லாருக்கும் இப்படித்தான் பாக்கறது."

"எனக்கு என்னைக்குப் பாத்த? எங்கம்மா கழுத்துல கெடந்து, எங் கழுத்துல கெடந்தது. அதுல இன்னா கள்ளம் இருக்கும்னு பாக்குற?"

"அம்மா, அது வந்து..."

"குடு." கையை நீட்டினாள். அவன் கொடுத்தான். முந்தானையில் முடிந்துகொண்டு, நாங்கள் விரித்திருந்த துண்டை மிதிக்காமல் சுற்றிப் போனாள். அன்று அவள் ஜீப்பில் சின்னசேலத்துக்கு இறங்கி, உருக்குகிறவனிடம் விற்றாள் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

திரும்பும் பஸ்ஸில் தம்பி சன்னலோரம் உட்கார்ந்திருந்தான். கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் முடிந்து பஸ் சமவெளிக்கு வந்தபோது என் பக்கம் திரும்பினான்.

"நல்ல காசுக்கா அது."

"கண்ணாடியில பாத்தியே, தெரியாம இருக்குமா?"

"கண்ணாடியில இன்னா பாத்தேன்? அவ முடிச்ச அவுக்கும்போதே தெரியும், நல்ல காசுன்னு." உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். "கை தன்னால தராசுக்குப் போயிடுச்சுக்கா."