பேரருவியில் பெண்கள் பக்கம்

வாசுதேவநல்லூர் சொரிமுத்து தன் மகன் சுந்தரபாண்டி போலீசாக வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டார். 1999இல் ஆள் எடுத்தபோது மகன் இரண்டு விண்ணப்பம் வாங்கி வந்தான். ஒன்று அவனுக்கு, இன்னொன்று தங்கை குழல்வாய்மொழிக்கு. அப்பாவிடம் சொல்லவில்லை. உயரம் அளந்த இடத்திலேயே சுந்தரபாண்டி ஒரு சென்டிமீட்டர் குறைந்து வெளியே வந்துவிட்டான். குழல்வாய்மொழி ஓட்டத்தில் முதலாவதாக வந்து தேர்வாகிவிட்டாள்.

"பொட்டப்பிள்ளைக்கு எதுக்குலே காக்கி? நாளைக்கு எவன் கட்டிக்கிடுவான்?" என்று அப்பா மகனிடம்தான் சத்தம் போட்டார். சுந்தரபாண்டியே அவளைப் பயிற்சிக்கு ரயில் ஏற்றிவிட்டான்.

தமிழ்நாட்டுக் காவல்துறையில் பெண்கள் சேர்ந்து அப்போது கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. மகளிர் காவல் நிலையங்களும் வந்திருந்தன. ஆனாலும் கடையநல்லூர்ப் பக்கம் அவள் முதலில் வேலை பார்த்த நிலையத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. இரண்டு நாள் தண்ணீர் குடிக்காமல் சமாளித்தாள். மூன்றாம் நாள் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். அது பாத்திமுத்து வீடு. கணவர் துபாயில். "ஒவ்வொரு தடவையும் கேக்க வேண்டாம்மா. பின்கதவு தொறந்துதான் கிடக்கும்" என்றாள் பாத்திமுத்து. ஆறு வருடம் குழல்வாய்மொழி அந்தப் பின்கதவு வழியாகத்தான் போய்வந்தாள்.

இடையில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை முத்துச்செல்வம், பஸ் கண்டக்டர். அப்பா முன்னால் நின்று நடத்திவைத்தார். ஆனால் அவள் வேலையைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை.

2008 சீசனில் அவளைக் குற்றாலத்துக்கு அனுப்பினார்கள். பேரருவியில் பெண்கள் குளிக்கும் பக்கம் போக ஆண் போலீசார் கூச்சப்பட்டார்கள். தள்ளி நின்று விசில் ஊதுவதோடு சரி. அங்கே நிற்கத்தான் அவளையும் ஜெபமலர் என்ற காவலரையும் போட்டிருந்தார்கள்.

ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஜெபமலர் சாப்பிடப் போயிருந்தாள். கீழே லேசான சாரல்தான். மேலே மலையில் என்ன மழையோ, அருவியில் முதலில் சருகு விழுந்தது. பிறகு கைத் தடிமனில் ஒரு கிளை. வெள்ளையாக விழுந்த தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறியது. குழல்வாய்மொழி விசில் ஊதினாள். யாரும் திரும்பவில்லை.

"எம்மா, தண்ணி கலங்கி வருது! எல்லாரும் வெளிய வாங்க!"

"ரெண்டு மணி நேரமா வரிசையில நின்னு இப்பத்தான் தலைய நனைச்சோம். அதுக்குள்ள வெரட்டுதீங்களே?"

அவள் காக்கியோடு உள்ளே இறங்கினாள். எட்டிய கையைப் பிடித்து இழுத்தாள். நனைந்த போலீஸ்காரியைப் பார்த்த பிறகுதான் மற்றவர்களுக்கும் பயம் வந்தது. மளமளவென்று வெளியேறினார்கள். கடைசியில் ஒரே ஒரு அம்மாள் பாறையோரம், குளிப்பவர்கள் பிடித்துக்கொள்ளக் கட்டியிருந்த சங்கிலியைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். பயத்தில் உடம்பு விறைத்திருந்தது. தண்ணீர் முழங்காலுக்கு ஏறிவிட்டது. குழல்வாய்மொழியின் ஒரு கை சங்கிலியில், இன்னொன்றில் வாக்கிடாக்கி. அதை அப்படியே விட்டுவிட்டு அந்த அம்மாளின் இடுப்பைச் சுற்றிப் பிடித்தாள்.

"சங்கிலிய விடுங்க! என் பெல்ட்டப் பிடிங்க!"

உருண்டு வந்த கல் ஒன்று இடது முழங்காலில் அடித்தது. எப்படி வெளியே வந்தாள் என்பது அவளுக்கே சரியாக நினைவில்லை. சிறிது நேரத்தில், அருவிக்கு முன்னால் கட்டியிருக்கும் பாதுகாப்பு வளைவையும் தாண்டித் தண்ணீர் கொட்டியது.

படியில் உட்கார்ந்து நடுங்கிய அந்த அம்மாள் முதலில் கேட்டது, "எஞ்செருப்பு எங்கம்மா?"

மூன்றாம் நாள் குழல்வாய்மொழிக்கு மெமோ வந்தது. அரசு உடைமையான வயர்லெஸ் கருவியைத் தொலைத்ததற்கு விளக்கம் தர வேண்டும். அன்றைக்குத்தான் அழுதாள்.

"மன்னிப்புக் கேட்டு எழுதிரு, முடிஞ்சு போகும்" என்றான் முத்துச்செல்வம்.

"நான் என்ன தப்புப் பண்ணேன், மன்னிப்புக் கேக்க?"

அவள் எழுதியது இவ்வளவுதான்: "எனக்கு இரண்டு கைகள். ஒன்று சங்கிலியைப் பிடித்திருந்தது. மற்றொன்றால் கருவியைப் பிடிப்பதா, அந்தப் பெண்ணைப் பிடிப்பதா என்ற நிலை வந்தது. பெண்ணைப் பிடித்தேன்."

அதிகாரி இரண்டு தடவை வாசித்தார். "யார் எழுதிக் குடுத்தா?"

"நாந்தான் சார்."

மேல்நடவடிக்கை தேவையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பதக்கம் எதுவும் வரவில்லை. அடுத்த சீசனில் பெண்கள் பக்கம் நான்கு பெண் காவலர்கள் நின்றார்கள். கருவியைத் தோளில் மாட்டிக்கொள்ள வார் கொடுத்திருந்தார்கள்.

அருவியில் நடந்ததைக் கேள்விப்பட்டு அந்த வாரமே சொரிமுத்து ஒரு சாக்குத் தேங்காயோடு மகள் வீட்டுக்கு வந்தார். முழங்கால் கட்டைப் பார்த்தார். "டூட்டிக்கு எப்பம் போகணும்?" என்றார். வேலையைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. அவள் "திங்கக்கெழமைப்பா" என்றாள். "நான் கொண்டாந்து விடுதேன்" என்றார். சொன்னபடியே சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து நிலைய வாசல்வரை மிதித்தார்.

இருபத்தைந்து வருட சர்வீஸ் முடித்து இப்போது அவள் சிறப்பு உதவி ஆய்வாளர். தென்காசிப் பக்கம் ஒரு மகளிர் காவல் நிலையத்தில் மனு விசாரிக்கிறாள். படியேறினால் முழங்கால் வலிக்கும். சீசனில் ஆள் போதவில்லை என்று குற்றாலத்துக்குக் கூப்பிட்டால் மறுப்பதில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்பாள்: "மாத்து யூனிபார்ம் ஒண்ணு ஜீப்புல கெடக்கட்டும் சார். எப்படியும் நனைஞ்சிரும்."