சமையல்கட்டுக்குப் பின்னால் கசிந்த தார்

எங்கள் ஒகே-ஓடோ ஊரில் மரவள்ளிக் கிழங்கைத் துருவி வறுத்து விற்கிற பெண்களில் அபேகேயின் அடுப்புதான் முதலில் பற்றும். சிடுமூஞ்சி. ஆனால் யார் வீட்டில் பிள்ளை பெற்றாலும் மிளகு சூப்போடு போய் நிற்பாள். கணவர் இறந்தபோது எங்கள் வழக்கப்படி வீட்டு முன்னறையிலேயே புதைத்து, மேலே சிமெண்ட் பூசினார்கள். அதன்மேல் பாய் விரித்துத்தான் படுக்கிறாள்.

ஒரு வெயில்காலத்தில் அவள் சமையல்கட்டுக்குப் பின்னால் தார் கசியத் தொடங்கியது. காட்டில் கசிந்தால் யாருக்கும் கவலையில்லை. படகு ஓட்டையை அடைக்க அள்ளி வருவோம். வீட்டடியில் கசிந்தால் கதை வேறு. மண்ணுக்குள் இருப்பது அரசாங்கத்துச் சொத்து. தலைநகர் அபுஜாவிலிருந்து சுரங்க அதிகாரிகள் வருவதாகவும், தார் உள்ள வீடுகளை இடிக்கச் சிவப்பு மையால் பெருக்கல் குறி போடுவார்கள் என்றும் சந்தையில் பேச்சு.

"வீடு போனா போகட்டும். அவரத் தோண்டி எடுத்து எங்க கொண்டுபோய் வைக்கிறது?" என்று என்னிடம் கேட்டாள்.

அதிகாரிகள் வருகிற அன்று கசிவின்மேல் கிழங்குத்தோலைக் குவித்தாள். அவள் வீட்டில் தோல் கிடந்தால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? தன் ஆடுகளை மறக்காமல் கட்டிப்போட்டாள். எதிர்வீட்டுக் கிடாவை மறந்துவிட்டாள்.

அதிகாரி வாசலில் நின்று பேர் கேட்கும்போதே பின்னாலிருந்து அலறல். தோல் தின்ன வந்த கிடாவின் முன்னங்கால் இரண்டும் தாரில் புதைந்திருந்தன. பாமாயில் ஊற்றி இழுத்தோம்.

"இது எப்ப இருந்து வருதும்மா?"

"லாரிக்காரன் கொட்டிட்டுப் போயிட்டான் சார்."

"சமையல்கட்டுக்குப் பின்னாடி லாரி எப்படிம்மா வந்துச்சு?"

"இவ குழம்பு வாசத்துக்கு வந்திருக்கும்," என்றாள் எதிர்வீட்டுக்காரி. அதிகாரிக்கே சிரிப்பு வந்தது. அபேகே மட்டும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கை மை டப்பாவை எடுக்கவில்லை. கொஞ்சம் தாரை வழித்து ஒரு புட்டியில் போட்டுக்கொண்டது. பிறகு அங்கே ஓர் இரும்பு முளையை அடித்தார்.

"அப்போ வீடு?"

"சோதிச்சுப் பாத்துட்டு மேலிடத்துல சொல்லுவாங்க."

"எப்ப சார்?"

"அது எனக்குத் தெரியாதும்மா."

இரண்டு மழைக்காலம் போய்விட்டது. யாரும் வரவில்லை. கூரைத் தகரம் துருப்பிடித்து முன்னறையில் ஒழுகுகிறது. மாற்றச் சொன்னால், "இடிக்கப்போற வீட்டுக்கு எதுக்குடி புதுத் தகரம்?" என்கிறாள். மகன் வீட்டுக்குப் போய் இரேன் என்றால், "நான் இல்லாதப்ப வந்து தோண்டிட்டா?"

தெருவில் ஏதாவது வண்டி நின்றால் போதும். வறுபடுவதை அடுப்பிலேயே விட்டுவிட்டு, முன்னறை வாசலை மறித்து நின்றுகொள்கிறாள். கருகாமல் நாங்கள்தான் போய்க் கிளறிவிடுகிறோம்.