ஆறு வயசுக் கிடாவுக்கு ஏன் கொம்பு குட்டை?

எட்டு மாதத்துக்கு முன்னால் நான் சொன்ன ஒரு பொய், போன புதன்கிழமை பிடிபட்டது. தெரிந்து சொன்ன பொய் இல்லை. அதைவிட மோசம்... நம்பிச் சொன்னது.

செண்பகத்தோப்பில் நான் வனக்காவல் வேலை பார்க்கிறேன். மேலே மலைப் புல்வெளியில் வரையாடு உண்டு. அதன் கொம்பில் வருடத்துக்கு ஒரு வளையம் விழும். வளையத்தை எண்ணினால் வயசு. படித்தவர்களுக்கும் அதே கணக்குதான்.

கவிதா என்று ஒரு பெண். ராஜபாளையம். வரையாடு பற்றி ஆராய்ச்சி. முதல் நாள் மேலே கூட்டிப் போனபோதே கேட்டாள்.

"அண்ணே, அஞ்சு வயசுக் கிடாவுக்குக் கொம்பு நீளமா இருக்கு. ஆறு வயசுக்குக் குட்டையா இருக்கே, ஏன்?"

"சண்டை போட்டுத் தேஞ்சிரும்மா" என்றேன். பெரிய ஞானி மாதிரி.

எட்டு மாதம் மலை ஏறினாள். ஏகப்பட்ட போட்டோ எடுத்தாள். எல்லாம் நான் சொன்னபடியே இருந்தது. ஏழு, எட்டு வயசுக் கிடா கண்ணில் பட்டது இரண்டோ மூன்றோ. அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீசில் அறிக்கை வாசிக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் அவள் வேலை தொடருமா, நிற்குமா என்று சொல்வார்கள்.

புதன்கிழமை டீக்கடையில் எங்களிடம் வாசித்துக் காட்டினாள். 'ஆறு வயதில் கொம்பு தேய்கிறது...' நான் தலையை ஆட்டினேன். கூட வேலை பார்க்கும் முருகேசன் ஆட்டவில்லை. வ. புதுப்பட்டிக்காரன். கபடி ஆடினவன்.

"அண்ணாச்சி, அதுவும் எங்க செட்டு மாதிரி இருக்குமோ?"

எங்கள் பக்கம் ஒரே வருடத்தில் பிறந்தவர்களை ஒரு செட்டு என்போம். கபடி டீம் கட்டுவதும் செட்டு செட்டாகத்தான்.

"ஏலே, உங்க செட்டுக்கு என்ன?"

"பூராப் பயலும் குட்டை. மேல் செட்டு நெடுசு, கீழ்ச் செட்டும் நெடுசு. நாங்க பொறந்த வருஷம் மழையே கெடையாதாம். பதினஞ்சுல தோத்தோம், வயசு பத்தலன்னாவ. முப்பதுல தோத்தோம், வயசாயிருச்சுன்னாவ. எந்த வயசுலயும் நாங்கதான தோத்தோம்!"

நான் சிரித்தேன். கவிதா சிரிக்கவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

"அண்ணே... போன வருஷ போட்டோ இருக்கா?"

என் பழைய மெமரி கார்டில் இருந்தது. லேப்டாப்பில் போட்டுப் பார்த்தோம். போன வருடமும் ஒரு கூட்டத்துக்குக் குட்டைக் கொம்பு. வளையத்தை எண்ணினோம்.

ஐந்து!

இந்த வருடம் ஆறு வயசான அதே கிடாக்கள், போன வருடம் ஐந்து வயசிலேயே குட்டை. அப்படியானால் தேயவில்லை, வளரவே இல்லை. அந்தக் கிடாக்கள் குட்டியாக இருந்த வருடம் மேலே புல் காய்ந்து கிடந்தது. எனக்கு அது இப்போதுதானா ஞாபகம் வர வேண்டும்?

இந்த வருடம் மட்டும் பார்த்தால், ஆறு வயசு ஆடும் வறட்சியில் பிறந்த ஆடும் ஒரே ஆடுதான். குற்றம் வயசின் மேலா, பிறந்த வருடத்தின் மேலா... எப்படித் தெரியும்?

"அப்ப செட்டுதான்! எழுதிருங்க" என்று குதித்தான் முருகேசன்.

"செத்த பொறுங்க" என்றாள் கவிதா. "பாக்குற வருஷத்து மழையும் சேட்டை பண்ணும். வயசு, பொறந்த வருஷம், பாக்குற வருஷம்... மூணும் ஒண்ணோட ஒண்ணு கட்டிக் கெடக்கு. ரெண்டைச் சொன்னா மூணாவது தானா வந்துரும். ரெண்டு வருஷ போட்டோவ வச்சு அந்த முடிச்ச அவுக்க முடியாது."

"நான்தாம்மா கெடுத்தேன்."

"நீங்க சொன்னீங்க. நான் ஏன் நம்புனேன்?" என்றாள். அப்போதுதான் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை அதையே சொன்னாள். முதலில் தப்பாக எழுதினேன், இன்ன காரணத்தால் மாற்றினேன் என்று. நாங்கள் இருவரும் கதவோரம் நின்று கேட்டோம்.

அதிகாரி கேட்டார். "பிரிச்சுச் சொல்ல எத்தனை வருஷம் வேணும்?"

"இன்னும் அஞ்சு வருஷமாச்சும் பாக்கணும், சார்."

சரி என்றுவிட்டார்! முருகேசன் பால்கோவா வாங்க ஓடினான்.

ஐந்து வருடம். அவளோடு நானும் ஏற வேண்டும். என் முழங்கால் வலிக்கு மட்டும் எந்த ஆராய்ச்சியும் வேண்டாம் — அது வயசேதான்!