ஆள் நிறைந்தால்தான் கிளம்பும் கிதார்

"பிஷ்கெக்குக்கு மூணு சீட்டு! மூணே மூணு! உக்காந்தா கெளம்பிடும்!" என்று மைக்கில் கூவிக்கொண்டிருக்கும்போதே கலிபாவின் வலக்கை வேறு வேலையில் இருக்கும். சுட்டுவிரலும் நடுவிரலும் மேசை விளிம்பில் மாறி மாறி நடக்கும். குட்டையான ஆள் ஒருவர் அவசரமே இல்லாமல் சந்தைக்குப் போகிற நடை. கிர்கிஸ்தானின் கரகோல் ஊர் வேன் நிலையத்தில் பத்தொன்பது வருடமாக வண்டிகளைக் கிளப்பிவிடுகிற பெண் அவர். வயது நாற்பத்தேழு. சிரித்தால் இரண்டு தங்கப் பல் தெரியும். ஓட்டுநர்களிடம் பேசும்போது அவை தெரிவதில்லை.

பனி உருகத் தொடங்கிய நாட்களில் இவரைப் பற்றி ஊரில் ஒரு வதந்தி ஓடியது. கலிபா, புருஷனுடைய குதிரையை விற்றுத் தலைநகர் பிஷ்கெக்கில் கிதார் வாங்கினாராம். கடைக்காரன் ஆறு கம்பிக்கு நாலு கம்பி போட்டுக் கொடுத்து ஏமாற்றிவிட்டானாம். குளிர்ந்த நூடுல்ஸ் விற்கும் சந்தில் நான் கேட்டபோது கம்பி நாலு. மாட்டுச் சந்தைப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது மூன்று. வதந்தி என்றால் வளர வேண்டும். நடக்க நடக்கத் தேய்கிற வதந்தியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஊர்ப் பத்திரிகைக்கு எழுதுகிறவன் நான்; நேரிலேயே போய்ப் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன்.

குதிரை முற்றத்தில்தான் நின்றது. என்னைவிட நல்ல உடம்பு. கலிபாவின் கணவர் ஷர்ஷென் ஒரு வேனைப் பழுதுபார்த்தபடி அதற்கு அடியில் படுத்திருந்தார். கால் மட்டும் என்னோடு பேசியது.

"குதிரைய வித்தாளான்னு கேக்கறீங்களா? நல்லாருக்கு. விக்கறதா இருந்தா என்னைத்தான் வித்திருப்பா அண்ணே. குதிரை வேலை செய்யுதுல்ல?"

ஆக, குதிரை பொய். உள்ளே போய்க் கம்பிகளை எண்ணினேன். மூன்று. சரியாக மூன்று.

"யாரும் ஏமாத்தல. பாஸ் கிதாருன்னா நாலு கம்பிதான்" என்றார் கலிபா, தேநீரை ஊற்றிக்கொண்டே. "ஒன்ன நான்தான் கழட்டினேன்."

"ஏம்மா?"

"எதுக்கு நாலு? நம்ம கோமுஸ்ல எத்தனை கம்பி?"

எங்கள் நாட்டு வாத்தியமான கோமுஸுக்கு மூன்று. அதிலும் நடுக்கம்பிக்குத்தான் குரல் மெல்லிசு. பள்ளிக்கூடத்தில் ஏழு வருடம் கோமுஸ் வாசித்த கை, கலிபாவின் கை. ஆகவே இருப்பதிலேயே தடித்த கம்பியைக் கழற்றி ஷர்ஷெனின் ஆணி டப்பாவில் கடாசிவிட்டு, மெல்லிய கம்பியை நடுவில் மாட்டியிருந்தார். தடித்த கம்பிக்கென்று வெட்டிய அகலப் பள்ளத்தில் ஒல்லிக் கம்பி உட்காராமல் கறகறவென்றது. "சளி புடிச்சிருக்கு, போயிரும்" என்றார் அவர்.

நடந்தது இதுதான். எங்கள் ஊர்க் கல்யாண விருந்துகளில் வாசிக்கிற 'அக் ஜோல்' குழுவின் பாஸ்காரர் கொரியாவுக்கு மீன் பதனிடப் போய்விட்டார். அடுத்த விருந்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. பாடகர் இருந்தார், பளபளக்கும் சட்டையோடு. கீபோர்டு இருந்தது. கலிபா மட்டும் ஆட்டத்தின் நடுவில் நின்றுவிட்டார். "தரை செத்துப்போச்சு" என்றார். அத்தனை வருடமும் காலுக்கு அடியில் துடித்ததைத் தரை என்றே நினைத்திருக்கிறார். அது ஒரு மனிதர் என்றும், அவர் கொரியாவில் இருக்கிறார் என்றும் அன்றுதான் தெரிந்தது.

நேரே குழுத் தலைவர் உலார்பெக்கிடம் போனார். கீபோர்டு வாசிப்பவர், முப்பத்தைந்து வயது, எதையும் சிரிப்போடு மறுக்கத் தெரிந்தவர்.

"தம்பி, அந்தத் தரைச் சத்தத்த இனிமே நான் போடறேன்."

உலார்பெக் சிரித்தார். கலிபா சிரிக்கவில்லை. பிறகு ஒரு நிபந்தனை பிறந்தது. இலையுதிர் காலத்தின் முதல் கல்யாண விருந்தில் ஒரே ஒரு பாட்டு. "ஆடறவங்க உக்காந்துட்டா நீங்களும் உக்காந்துடணும், அக்கா. அப்புறம் இந்தப் பேச்சே வரக்கூடாது." கலிபா கையை நீட்டினார். குலுக்கிக்கொண்டார்கள். அதற்கு முன் அவர் ஒரு பாஸ் கிதாரைக் கையால் தொட்டதுகூட இல்லை.

வாங்கப் போன கதையை அவர் வாயால் கேட்க வேண்டும். கடைச் சுவரில் இருபது கிதார் தொங்கியதாம். எது உசத்தி என்று கேட்கவில்லை. "இதுல ரொம்ப நாளா விக்காம நிக்கறது எது?" என்று, மாட்டுச் சந்தையில் கேட்பதுபோல், கேட்டார். "விக்காம நிக்குதுன்னா ஒரு காரணம் இருக்கும். கோளாறு மிருகத்துலயா, பாக்க வந்தவன் கண்ணுலயான்னுதான் நாம பாக்கணும்." விற்காமல் நின்றது கத்தரிப்பூ நிறத்தில், கழுத்துக் குட்டையான ஒன்று. குட்டைக் கழுத்தில் கட்டைகள் நெருக்கம். சின்ன விரலுக்கு எட்டும். மீசை முளைத்த வாடிக்கையாளர்கள் அதைச் சிறுபிள்ளைச் சாமான் என்று ஒதுக்கியிருந்தார்கள். கலிபா தன் விரலை அதன்மேல் விரித்துப் பார்த்தார். எட்டியது. ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, ஷர்ஷென் அச்சுத்தண்டைப் பார்ப்பதுபோல், கழுத்து நேராக இருக்கிறதா என்று பார்த்தார். முதுகில் தட்டிப் பார்த்தார். பக்கத்திலேயே இன்னொன்று இருந்தது; அதற்கு உள்ளே பேட்டரி போட வேண்டும், குரல் இன்னும் கணீரென்று வரும் என்றார் விற்பனையாளர். "தீனி போட்டாத்தான் நிக்கும்னா வேண்டாம்பா. மேய்ச்சல்லயே வாழறதக் குடு." பிறகு குட்டைக் கழுத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைக்குள் அரை மணி நேரம் சும்மா நின்றார். விற்பனையாளருக்கு ஒன்றும் புரியவில்லை. கல்யாண விருந்தில் ஆறு மணி நேரம் நிற்க வேண்டும் என்பது கலிபாவின் தோளுக்குத் தெரியும்.

பெட்டி, அதாவது ஆம்ப்ளிஃபையர், வேண்டவே வேண்டாம் என்று வந்துவிட்டார். அதுதான் நிலையத்தில் ஒலிபெருக்கி இருக்கிறதே! மறுநாள் காலை பாலிக்சி ஊருக்குப் போகும் வண்டி ஆள் நிறையக் காத்திருந்தபோது வயரை அதில் செருகினார். பூமி அதிரப்போகிறது என்று ஓட்டுநர்கள் ஒதுங்கி நின்றார்கள். கம்பத்து உச்சியிலிருந்து கொசு ஒன்று முனகியது. அந்தக் கூம்புக்கு ஊர்ப்பெயர்தான் கத்த வரும், அடிக்குரல் வராது. "கலிபாக்கா, உங்க கிதாருக்கு வயித்துப்போக்கா?" என்றார் ஓர் ஓட்டுநர். அவருடைய வண்டி அன்று கடைசியாகத்தான் கிளம்பியது.

அடுத்த வாரமே பாஸுக்கென்று செய்த பழைய பெட்டி ஒன்று பிஷ்கெக்கிலிருந்து வேன் ஏறியது. ஆட்டுக்கிடா கனம். மடியில் வைக்க முடியாது, ஆகவே ஒரு சீட்டு அதற்கு. பதினாறாவது ஆளாக அது உட்கார்ந்ததால்தான் அன்று அந்த வண்டி நேரத்துக்குக் கிளம்பியது என்று ஓட்டுநர் இன்றும் அதை மரியாதையோடு குறிப்பிடுகிறார்.

கோடை முழுக்கப் பயிற்சி. கொப்புளம் வந்தது, உடைந்தது, காய்த்தது. ஒத்திகைக்குப் போன முதல் நாள், மூன்று கம்பியைப் பார்த்த உலார்பெக் கேட்டார்: "அக்கா, இது பாஸா, இல்ல கோமுஸுக்கு வீக்கம் கண்டுச்சா?"

கம்பியையாவது பொறுத்துக்கொள்ளலாம். நேரத்தைப் பொறுக்க முடியவில்லை. டிரம் 'ஒன்று' என்று விழும். கலிபாவின் ஒலி ஒன்றரையில் வரும். மறுபடி ஒன்று; மறுபடி ஒன்றரை.

"ஒன்னுல வாங்கக்கா! ஒன்னுல!"

"பொறு தம்பி. ஆள் ஏறட்டும்."

பத்தொன்பது வருடப் பழக்கம். டிரம் ஏற வேண்டும், கீபோர்டு ஏற வேண்டும், பாடகர் கதவைச் சாத்த வேண்டும். எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்களா என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் அந்த விரல் அசையும். ஒரு மாதம் இதே வழக்கு. கடைசியில் உலார்பெக் கீபோர்டைப் படாரென்று மூடினார்.

"அக்கா, நீங்க வண்டிய அனுப்பற ஆள் இல்ல. நீங்கதான் வண்டி! நாங்க உங்க மேலதான் ஏறணும். வண்டியே வராம எங்க போய் உக்கார்றது?"

கலிபா கிதாரின் கம்பிகளை ஒருமுறை எண்ணினார். பிறகு, "அட!" என்றார். அன்று மாலை ஷர்ஷெனின் ஆணி டப்பாவைத் தரையில் கவிழ்த்து, சுருட்டிக் கிடந்த தடித்த கம்பியைத் தேடி எடுத்தார். மெல்லிய கம்பி நடுவிலிருந்து இறங்கித் தன் இடத்துக்குப் போனது.

"ஏன், மூணு போதும்னியே?" என்றார் ஷர்ஷென்.

"அது கோமுஸுக்கு. வண்டிக்கு நாலு சக்கரம் வேணாமா?"

செப்டம்பரில் அந்த விருந்து வந்தது. பகல் இரண்டு மணி. பெண்வீட்டுப் பக்கம் எனக்கு நாற்காலி. கலிபா நிலையத்துக் கோட்டோடு மேடையில் நின்றார், அதன் மேல் பூப்போட்ட சால்வை, அதன் மேல் கத்தரிப்பூக் கிதார். கண் ஆட்டத் தரையில் இருந்தவர்களை வரிசை வரிசையாக எண்ணியது. உலார்பெக் தலையை அசைத்தார். முதல் ஒலி, யாருக்கும் காத்திராமல், வந்தது. காதில் அல்ல, என் நாற்காலிக் காலில்.

மண்டபமே எழுந்தது. பாதிப் பாட்டு தாண்டியிருக்கும். மாப்பிள்ளையின் பெரியப்பா, தரையின் நட்டநடுவில் ஆடிக்கொண்டிருந்தவர், சட்டென்று நின்றார். விலகிப் போய் உட்கார்ந்துவிட்டார். உலார்பெக்கின் தலை திரும்பியது. கலிபாவின் முகம் மாவு போல் வெளுத்தது. விரல்கள் மட்டும் நடந்துகொண்டே இருந்தன. பெரியவர் குனிந்தார். ஒரு பூட்ஸைக் கழற்றினார். இன்னொன்றைக் கழற்றினார். காலுறையோடு ஓடிவந்து விட்ட இடத்தில் சேர்ந்துகொண்டார்.

பாட்டு முடிந்ததும் உலார்பெக் அடுத்த பாட்டின் பெயரைச் சொன்னார். கலிபாவையும் பார்த்துச் சொன்னார். விருந்து கலைந்தபோது ஆட்டுக்கிடா கனப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போனார். "சனிக்கிழமை பதினோரு மணி, அக்கா. நெறையட்டும்னு நிக்காம வந்துடுங்க."

நான் மேடைக்கு ஏறி, நாலு கம்பியையும் கிட்டத்தில் எண்ணிப் பார்க்கக் குனிந்தேன். கலிபா கிதாரைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"மொதல் தடவையா முகம் பாக்கறீங்க. வெறுங்கையோடவா?"

நியாயம்தான். புது மருமகளோ, புதுக் குட்டியோ, புது வண்டியோ, முதலில் பார்க்கிறவர் கையில் ஏதாவது வைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும்; எங்கள் வழக்கம் அது.

"மார்ச்சு மாசமே உங்க வீட்டுல பாத்தேனே!"

"அப்ப அது கோமுஸு. இன்னிக்குத்தான் பாஸ் ஆச்சு."

சட்டைப் பையைத் தடவினேன். விருந்தில் கட்டிக் கொடுத்த இறைச்சிப் பொட்டலம் மட்டும் இருந்தது; அது என் மனைவிக்கு. நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றேன்.

"எழுதறவங்க நாளையா? அது எப்ப விடியறது?" என்று கேட்டு இரண்டு தங்கப் பல்லையும் காட்டினார் கலிபா. தோளிலிருந்த சால்வையை உருவிக் கிதாரின் தலைமேல் போட்டார். குஞ்சத்தைப் பிடித்து, மணப்பெண்ணுக்கு முக்காடு இழுப்பதுபோல், கடைசித் திருகாணியும் மறைகிறவரை கீழே இழுத்துவிட்டார்.