கேட்காமல் செய்த ஜெபம்

பிள்ளைகளே, நான் நன்றாக ஜெபிக்கிறவன் என்று எங்கள் சபையில் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் எனக்குப் பிடித்தும் இருந்தது.

தச்சநல்லூரில் என்னோடு படித்த ஆட்டோக்காரன் செல்வராஜ் ஈரல் நோயில் படுத்துவிட்டான். அவன் வீட்டுக்கு ஜெபிக்கக் கூப்பிட்டார்கள். சைக்கிளில் போகும்போதே, எந்த வசனம் சொல்வது, எங்கே குரலை உயர்த்துவது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அதைத்தான் ஜெபத்துக்கு ஆயத்தம் என்று நினைத்திருந்தேன்.

உள்ளே போனதும் அவனை ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. கண்ணை மூடி, பூரண சுகம் தாரும் என்று கால் மணி நேரம் ஜெபித்தேன். அவன் மனைவி அழுதுகொண்டே ஆமென் சொன்னாள். அவன் சொல்லவில்லை.

அவள் காப்பி போடப் போனதும் என்னைப் பார்த்தான்.

"ஏலே, நல்லா மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்க. எனக்கு என்ன வேணும்னு கேட்டியா?"

"சொல்லுலே," என்றேன்.

"சாவுக்குப் பயமா இருக்குலே. வாரவன் எல்லாம் நீ எந்திச்சிருவன்னுதான் சொல்லுதான். இத யார்ட்ட சொல்ல?"

பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு, "ஆண்டவரே, இவனுக்குப் பயமா இருக்கு. எனக்கும் இருக்கு. கூட இரும்," என்றேன்.

பைய, "ஆமென்" என்றான்.

அதன்பின் அவன் பதினெட்டு நாள் இருந்தான். தினமும் போனேன். "இன்னைக்கு ஆண்டவர்ட்ட என்னலே சொல்லணும்?" என்று முதலில் கேட்பேன்.

இப்போது தனியாக ஜெபிக்க உட்கார்ந்தாலும், என்னிடமே அதைக் கேட்டுவிட்டுத்தான் கண்ணை மூடுகிறேன். பதில் வரச் சில நாள் வெகுநேரம் ஆகிறது.