அத்தானுக்கு முன்னால் கேட்ட கேள்வி

அத்தான் இறந்த பிறகு அக்கா டென்மார்க்கில் பிராண்டே என்ற சிற்றூரில் தனியாக இருந்தாள். காற்றாலைக்கு இறக்கை செய்யும் தொழிற்சாலையில் இருவரும் ஒன்றாக வேலை செய்து, ஒன்றாகவே ஓய்வு பெற்றவர்கள். கார் ஓட்டத் தெரிந்தது அத்தானுக்கு மட்டும். அந்த ஊரில் கார் இல்லாதவருக்குக் கால் இல்லை. பிள்ளைகள் கோபன்ஹேகனில். நான் பிரெடெரிசியாவிலிருந்து முடிந்தபோதெல்லாம் போய்ச் சாமான் வாங்கிக் கொடுத்துவிட்டு வருவேன்.

என் உத்தியோகம் மனிதரின் மகிழ்ச்சியை அளப்பது. சிரிக்க வேண்டாம், இந்த நாட்டில் அதற்கும் சம்பளம் தருகிறார்கள். “பூச்சியத்திலிருந்து பத்துக்குள் உங்கள் வாழ்க்கைக்கு எத்தனை கொடுப்பீர்கள்?” என்று கேட்டு வாங்கிய பதில்களை வருமானத்தோடும் நோயோடும் தனிமையோடும் பொருத்திப் பார்ப்போம். துணையை இழந்தவர்களின் எண் கீழே விழுந்து, பிறகு மெல்ல மெல்ல மேலே ஏறும். வரைபடத்தில் பார்க்க நன்றாக இருக்கும். அக்காவைத் தேற்றுவதாக நினைத்து ஒருநாள் அதை விளக்கினேன்.

“அப்ப நான் இப்ப அந்தக் கோட்டில எவடத்தில நிக்கிறன்?” என்று கேட்டாள்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று வரைபடத்தை மடித்து வைத்தேன்.

அவர்கள் ஊர் நகரசபையான கொம்யூன் இப்படித் துணையை இழந்தவர்களை வாரத்துக்கு ஒருமுறை கூட்டி வைத்துப் பேசவிடுகிறது. வாசலுக்கே டாக்சி வரும். கேள்விப்பட்ட நாளிலிருந்து அக்காவுக்கு அதே நினைப்பு. “ஆரோடையாவது கதைச்சாக் காணுமடா. டேனிஷெண்டாலும் பரவாயில்லை. கதையாமல் கிடந்து வாய் நாறுது” என்றாள்.

இடங்கள் கொஞ்சம்தான். யாருக்கு அவசியம் என்று ஒரு தாதி வீட்டுக்கு வந்து பேசிப் பார்த்துத் தெரிவு செய்வாள். அவள் வரும் நாளில் நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். அக்கா நல்ல சேலை கட்டி, ரோல்ஸ் பொரித்து வைத்திருந்தாள். தாதியை முன்னறையில் இருத்தினாள். மாலை போட்ட அத்தானின் படம் அங்கேதான் தொங்குகிறது. வந்தவர்களை வேறு எங்கே இருத்துவது?

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. இந்தக் கேள்வியைக் கேட்கும்போது வீட்டார் பக்கத்தில் இருக்கக்கூடாது. மனைவி பக்கத்தில் இருந்தால் கணவனின் மகிழ்ச்சி தானாகக் கூடிவிடும். ஆகவே தேநீர் போடுகிறேன் என்று நான் பெரிய நிபுணனாக எழுந்து குசினிக்குப் போய்விட்டேன். தாதி என் கேள்வியையே கேட்டாள். அக்கா தன் தொழிற்சாலை டேனிஷில், கொஞ்சமும் தயங்காமல், பத்து என்றாள்.

தாதிக்குச் சந்தோஷம். இவ்வளவு திடமான ஒருவரைக் கண்டு நாளாயிற்று என்றாள். இந்த இடத்தை இன்னும் கஷ்டப்படுகிற ஒருவருக்குக் கொடுக்கலாம்தானே என்று கேட்டுவிட்டு இன்னொரு ரோல்ஸ் எடுத்தாள். அக்கா தலையாட்டினாள்.

தாதியின் கார் திரும்பியதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “உனக்கென்ன விசரோ அக்கா? இதுக்குத்தானே இவ்வளவு நாளும் காத்திருந்தனி!”

அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். நான் பின்னால் போனதும் கதவைச் சாத்தினாள்.

“அத்தானுக்கு முன்னால வைச்சுக் கேட்டா நான் என்னத்தைச் சொல்ல? குறைச்சுச் சொன்னா அந்த மனுசன் என்னை ஒழுங்கா வைச்சிருக்கேல்லை எண்டெல்லோ வரும்.”

முன்னறையில் அவளைத் தவிர வீட்டார் ஒருவரும் இல்லை என்று நான் நினைத்திருந்தேன். என் படிப்பை நினைக்க எனக்கே வெட்கமாக இருந்தது. அவளைப் பார்க்க அழுகை வந்தது.

“சரி, இப்ப சொல்லு. நான் அந்தத் தாதிப் பிள்ளைக்குப் போன் எடுத்துச் சொல்லுறன்.”

அவள் குழாயைத் திறந்து தட்டுகளைக் கழுவினாள். கழுவிய தட்டையே திரும்பவும் கழுவினாள்.

“ரெண்டு” என்றாள். பிறகு, “இல்லை, மூண்டெண்டு சொல்லு. இண்டைக்கு நீ வந்திருக்கிறாயெல்லோ.”

நான் போனை எடுத்தேன். “வெளியில போய்க் கதை, அவருக்குக் கேக்கப்போகுது” என்றாள்.

மழை தூறிக்கொண்டிருந்தது. காருக்குள் இருந்து தாதியைப் போனில் பிடித்து, நடந்ததைச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். இன்னும் யாரையும் தெரிவு செய்யவில்லை, அக்காவையும் சேர்த்து யோசிப்பதாகச் சொன்னாள். அப்படியானால் எந்த எண்ணைப் போடட்டும் என்று கேட்டாள்.

குசினி யன்னலில் அக்கா நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் நான் பிரெடெரிசியாவுக்குத் திரும்ப வேண்டும்.

இரண்டு என்றேன்.